மறு: பிளாட்டருக்குத் தமிழ்ச்சொல் – 'சுழல்தட்டு' வேண்டாம் என்பேன்

அனைவருக்கும் வணக்கம்.

தியேட்டரில் படத்தின் பிலிம் முழுவதையும் தட்டில் படுக்கப் போட்டு ஓட்டுகிற இயந்திரம்தான் பிளாட்டர். அதற்கும் அதன் உறுப்புகளுக்கும் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டு சும்மா இருந்தேன். 'சுழல்தட்டு' என்றே முடிவாகிவிடும் போலத் தெரிந்ததால் எழுதுகிறேன். ரொறன்ரோ புறநகரில் ஒரு தியேட்டரில் ஏழு வருடம் ஆபரேட்டராக இருந்தவன் நான். டிஜிட்டல் வந்தபோது அந்த இயந்திரத்தைக் கழற்றி லொறியில் ஏற்றியதும் நான்தான். (நாங்கள் பிளாற்றர் என்று எழுதுவோம், நீங்கள் பிளாட்டர் என்கிறீர்கள். இந்த மடலில் உங்கள் வழக்கப்படியே போகிறேன். இந்தச் சண்டை ஒழியவாவது ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்.)

> சுழல்தட்டு என்றால் யாருக்கும் புரியுமே, பிறகென்ன?

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். இசைத்தட்டு வைத்துச் சுழற்றுவதும் சுழல்தட்டு, மைக்ரோவேவ் அடுப்புக்குள் இருப்பதும் சுழல்தட்டு. போதாததற்கு வன்தட்டின் உள்ளே இருப்பதற்கும் ஆங்கிலத்தில் பிளாட்டர் என்றுதான் பெயர். அதோடு, இந்த இயந்திரத்தில் சுழல்வது ஒரு விசேஷமே இல்லை. பழைய ரீலும்தான் சுழன்றது.

விசேஷம் என்ன என்றால், பிலிமைத் திருப்பிச் சுற்ற வேண்டியதில்லை. பழைய முறையில் 2000 அடி ரீல் இருபத்திரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும், அதற்குள் அடுத்த புரொஜெக்டரில் அடுத்த ரீலைப் பூட்டி, மாற்றி, ஓடி முடிந்ததை ரீவைண்டரில் போட்டுச் சுற்ற வேண்டும். பிளாட்டரில் எல்லா ரீலையும் ஒட்டி ஒரே சுருளாக்கி, ஒன்றே கால் மீட்டருக்கு மேல் அகலமான தட்டில் படுக்கப் போட்டுவிடுவோம். படத்தின் தொடக்கம் சுருளின் நடுவில் இருக்கும். அங்கிருந்தே உருவிக்கொண்டு போய் புரொஜெக்டரில் ஓடி, திரும்பி வந்து இன்னொரு தட்டில் ஒரு வளையத்தைச் சுற்றிப் படியும். முதலில் வருவது உள்ளே, கடைசியில் வருவது வெளியே. ஆக, படம் முடிந்ததும் தொடக்கம் மறுபடி நடுவிலேயே இருக்கும். வளையத்தை எடுத்துவிட்டு அடுத்த காட்சியை ஓட்ட வேண்டியதுதான். 1960களில் இதைக் கண்டுபிடித்த ஜெர்மனிக்காரர் வில்லி பூர்ட்டுக்கு ஆஸ்கர் குழு தொழில்நுட்ப விருது கொடுத்தபோது, தகுதியுரையிலேயே 'திருப்பிச் சுற்றத் தேவையில்லாத' என்றுதான் அதைக் குறிப்பிட்டது.

அதற்காகத் 'திருப்பாத்தட்டு' என்று வைக்கவும் மனம் வரவில்லை. திருப்பதித் தட்டு மாதிரி இருக்கிறது. தட்டின் மேல் கிடப்பது சுருள், அதனால் 'சுருள்தட்டு'. மொத்த இயந்திரத்துக்கும் அந்தப் பெயரே போதும் என்பது என் கருத்து.

ஆனால் உண்மையான சிக்கல் மொத்தப் பெயரில் இல்லை, உறுப்புகளில் இருக்கிறது. மூன்று தட்டு இருக்கும், மேல், நடு, கீழ். மதியக் காட்சிக்கு மேல்தட்டு பிலிமை விடும், கீழ்த்தட்டு வாங்கும், மாலைக் காட்சிக்கு அதுவே தலைகீழாகும். அதனால் 'முதல் தட்டு', 'ஏற்றத் தட்டு' என்று இந்த இழையில் வந்தவை உதவாது. அந்தக் காட்சியில் எது என்ன செய்கிறதோ அதுதான் அதன் பெயர். பட்டம் விடுகிறவனைக் கேளுங்கள், நூலை விடு, வாங்கு என்பான். விடுதட்டு, வாங்குதட்டு. இதைவிடச் சுருக்கமாக எனக்குத் தோன்றவில்லை.

> 'பிரெய்ன்' என்பதை 'மூளை' என்றே எழுதலாம்.

விடுதட்டின் நடுவில் செருகுகிற உறுப்பைத்தான் நண்பர் சொல்கிறார். அதில் ஒரு சின்னக் கை இருக்கும். பிலிம் இறுகினால் கை இழுபடும், தட்டு வேகமாகச் சுற்றும். தளர்ந்தால் கை பின்வாங்கும், தட்டு மெதுவாகும். மூளை என்று கேபினில் சொல்வது கேலியாக, அச்சில் அது நன்றாக இராது. என் பட்டியலில் 'நடுவிடுவி' என்று போட்டிருக்கிறேன், இதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. நெசவுப் பக்கம் இருப்பவர்கள் யாராவது நல்ல சொல் வைத்திருப்பீர்கள்.

அந்த இடத்தில் பிலிம் சுற்றிக்கொள்வதற்கு மட்டும் சொல் ரெடி: நடுச்சிக்கு. ஒரு பெப்ரவரியில் இரண்டே முக்கால் மணிநேரத் தமிழ்ப்படம் ஒன்று, 14,850 அடி, அதாவது நாலரை கிலோமீட்டர். எங்கள் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அறையில் காற்று காய்ந்து கிடக்கும், பிலிமில் நிலைமின்சாரம் ஏறி ஒரு சுற்று அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்பு இரண்டு சுற்று சேர்ந்து வந்து நடுவில் சிக்கின. பழைய அசிட்டேட் பிலிமாக இருந்தால் அறுந்து, எல்லாம் நின்றிருக்கும். இது பாலியெஸ்டர், அறுபடாது. நடுவிடுவியின் அந்தச் சின்னக் கையை வளைத்துவிட்டுத்தான் நின்றது. கீழே நானூறு பேர் விசில். குறட்டால் கையை நிமிர்த்திச் சிக்கெடுக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. இடைவேளை முன்னாலேயே வந்துவிட்டது என்று பாதிப்பேர் கொத்து ரொட்டிக்குப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு நாங்களே சில மாற்றங்கள் செய்தோம். பிலிம் ஏறிப் போகிற ரோலர்களின் தாங்கியிலிருந்து ஒரு கம்பி இழுத்துத் தரையிணைப்புக் கொடுத்தோம். அறையில் ஈரப்பதனூட்டி ஒன்று, அது பழுதாகும் நாளில் அகலமான தட்டத்தில் தண்ணீர். சுற்றாமல் நின்றுவிட்ட ரோலரைப் பாலியெஸ்டர் பிலிம் அரம்போல அறுத்துப் பள்ளமாக்கும், பிறகு அந்தப் பள்ளத்தின் விளிம்பே படத்தில் கோடு போடும். அதனால் வாரம் ஒருமுறை ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்ப்போம், சுண்டினால் சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். கரகரத்தால் கழற்றித் துடை, பள்ளம் தெரிந்தால் மாற்று.

> செத்துப்போன இயந்திரத்துக்கு எதற்கு இவ்வளவு?

சாகவில்லை. 2023இல் 'ஓப்பன்ஹைமர்' 70 மி.மீ. ஐமேக்ஸ் பிரின்ட் மூன்று மணிநேரம், 11 மைல் நீளம், எடை சுமார் 600 ராத்தல். இருந்த தட்டில் கொள்ளாமல், தட்டின் விளிம்பையே நீட்ட வேண்டியிருந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வோன் நகரிலும் அந்தப் பிரின்ட்தான் ஓடியது. அந்தச் செய்தியைத் தமிழில் எழுதியவர்கள் 'பெரிய வட்டமான இரும்புத் தட்டு மாதிரி ஒன்று' என்று எழுதித் தவித்ததைப் பார்த்துத்தான் என் சொற்பட்டியலையே எழுதத் தொடங்கினேன்.

நடு வளையத்துக்கு என் அம்மா வீட்டுச் சொல் ஒன்று உண்டு, திருகணி. பானை உருளாமல் இருக்க அடியில் வைக்கிற வளையம். தமிழ்நாட்டில் புரிமணை என்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம், 'மைய வளைய அமைப்பு' மட்டும் வேண்டாம்.

அப்புறம், 'உருளி' என்று ரோலருக்கு யாரோ போட்டிருந்தீர்கள். உருளி எங்கள் வீட்டில் பாயசம் வைக்கிற பாத்திரம். ரோலரை விட்டுவிடுவோமே, அது ரோலராகவே இருக்கட்டும்.