4 சேனல் கார் ஆம்ப்: மாஸ்ஃபெட் மாற்றியும் ரிமோட் கொடுத்ததும் எரிகிறது

பியூஸ்போச்சு:
நண்பர்களே, கிளாஸ் ஏபி, 4 சேனல் ஆம்ப். 25 ஆம்பியர் பியூஸ் இரண்டு. பேட்டரி வயரைத் தொட்டதுமே, ரிமோட் (ஆம்பை ஆன் செய்யும் சிக்னல் வயர்) கொடுக்காமலேயே பியூஸ் போனது. திறந்தால் பவர் சப்ளையில் இசட்44 மாஸ்ஃபெட் (கரண்டை வேகமாக ஆன்–ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர்) எட்டு, பக்கத்துக்கு நாலு. மீட்டரில் எட்டுமே ஷார்ட். கழற்றிப் பார்த்தால் வலது பக்கத்து இரண்டு மட்டும்தான் ஷார்ட். அந்த இரண்டையும் மாற்றினேன். இப்போது பேட்டரி கொடுத்தால் ஒன்றும் இல்லை, ரிமோட் கொடுத்ததும் 'டப்', புதுசும் போச்சு. ஸ்பீக்கர் எதுவும் மாட்டவில்லை. அவற்றை ஆன்–ஆஃப் செய்ய வைக்கும் கன்ட்ரோல் ஐசி டிஎல்494. எங்கே தப்பு?

ஈயப்புகை:
எட்டும் ஷார்ட் காட்டியதில் ஆச்சரியம் இல்லை. மாஸ்ஃபெட்டில் கரண்ட் நுழையும் கால் டிரெயின், வெளியேறும் கால் சோர்ஸ், ஆன்–ஆஃப் செய்யும் கால் கேட். இரண்டு பக்க டிரெயினும் டிரான்ஸ்பார்மர் பிரைமரி (பேட்டரி பக்கச் சுருள்) வழியாக ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிறது. அந்தச் சுற்றின் ரெசிஸ்டன்ஸ் மீட்டருக்குத் தெரியாத அளவு குறைவு. ஒன்று போனாலும் எல்லாம் போனதாகக் காட்டும். கழற்றித்தான் சோதிக்க வேண்டும்.

தப்பு, இரண்டை மட்டும் மாற்றி நேராக 25 ஆம்பியர் பியூஸில் ஏற்றியது. மாஸ்ஃபெட் போகும்போது பெரும்பாலும் கேட்டையும் சேர்த்துதான் போகும். ஓடும்போது டிரெயினில் பேட்டரியைப் போல் இரண்டு மடங்கு வோல்டேஜ் ஏறி இறங்கும். அது கேட் வழியாக, கேட்டை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டருக்குள் பாய்ந்துவிடும். டிரைவர் செத்திருந்தால் எத்தனை மாஸ்ஃபெட் போட்டாலும் அவ்வளவும் பலி.

எட்டையும் கழற்றுங்கள். பிளஸ் வயரில் ஷார்ட் இருந்தால் கரண்டைக் கட்டுப்படுத்த 21 வாட் பிரேக் லைட் பல்பை சீரியலாகப் போட்டு, மாஸ்ஃபெட் இல்லாமலே ரிமோட் கொடுங்கள். ஐசியின் 12ஆம் பின்னில் ஏறக்குறைய பேட்டரி வோல்டேஜ், 14ஆம் பின்னில் 5 வோல்ட், 4ஆம் பின்னில் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். 4ஆம் பின் 3 வோல்ட்டுக்கு மேலேயே நின்றால் புரொடெக்ஷன் அதைப் பிடித்து வைத்திருக்கிறது, அது வேறு கதை. பிறகு எட்டு கேட் துளையிலும் டிசி அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் 5 வோல்ட் அருகில், ஒரே மாதிரி வர வேண்டும். ஆசிலோஸ்கோப் இருந்தால் சதுர அலை தெரியும்.

ஆம்பியர்_அண்ணாச்சி:
மேலே சொன்னது சரி, ஆனால் பாதிதான். மாஸ்ஃபெட் முதலில் ஏன் போனது? செகண்டரியை (டிரான்ஸ்பார்மரின் வெளியீட்டுப் பக்கம்) பார்க்காமல் சப்ளையை மட்டும் சரிசெய்தால் திரும்ப வரும். அங்கே ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் டையோடுகளைக் கழற்றி அளக்கவும். அது போயிருந்தால் 5408 போன்ற சாதாரண டையோடைப் போட்டுவிடாதீர்கள். இந்தச் சுவிட்சிங் வேகத்துக்கு அது அணைந்து முடிப்பதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும், கொதிக்கும். எம்யூஆர்1620 போன்ற அல்ட்ராஃபாஸ்ட்தான் வேண்டும். அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் கலெக்டர்–எமிட்டர் ஷார்ட் இருக்கிறதா, 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர் ஓப்பனா என்று பாருங்கள். டிரான்சிஸ்டருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் உள்ள மைக்கா கிழிந்திருந்தாலும் இதே கூத்துதான்.

பியூஸ்போச்சு:
நன்றி அண்ணா. ரெக்டிஃபயர், அவுட்புட் எல்லாம் சரி. மைக்காவும் சரி. 12, 14, 4ஆம் பின்களும் நீங்கள் சொன்னபடி. கேட் அளவு: இடது 5.2 வோல்ட், வலது 11.6 வோல்ட், ஆடவே இல்லை. வலது பக்க கேட் ரெசிஸ்டர் 47 ஓமில் ஒன்று ஓப்பன், இன்னொன்று 300 ஓமுக்கு மேல். எப்படியும் எட்டும் வாங்க வேண்டும், இசட்44க்குப் பதில் 3205 போடலாமா?

ஈயப்புகை:
அகப்பட்டது. வலது டிரைவர் ஜோடியில் மேலே உள்ள என்பிஎன் டிரான்சிஸ்டரின் கலெக்டர்–எமிட்டர் ஷார்ட். அதற்கு சப்ளை ரிமோட் வந்த பிறகுதான் வரும், அதனால்தான் ரிமோட் கொடுக்கும்வரை பியூஸ் நின்றது. கொடுத்ததும் வலது பக்க மாஸ்ஃபெட் எல்லாம் நிரந்தரமாக ஆன்; பேட்டரி கரண்ட் பிரைமரி வழியாக நேரே எர்த்துக்கு. என்பிஎன், பிஎன்பி இரண்டையும், இடது பக்கத்திலும் சேர்த்து, போர்டில் இருக்கும் அதே எண்ணில் மாற்றுங்கள். எட்டு 47 ஓமும் புதுசு.

3205 வேண்டாம். ஆன் ரெசிஸ்டன்ஸ் குறைவுதான், 8 மில்லி ஓம், இசட்44க்கு 17.5. ஆனால் கேட் சார்ஜ் (ஆன் செய்ய கேட்டில் நிரப்ப வேண்டிய மின்னூட்டம்) அதிகபட்சம் 146 நானோகூலம், இசட்44க்கு 63. டிரைவர் சுமை இரண்டு மடங்குக்கு மேல். அந்தச் சின்ன டிரான்சிஸ்டர் மெதுவாகத்தான் ஆன்–ஆஃப் செய்யும், மாஸ்ஃபெட் சூடேறும்.

ஆம்பியர்_அண்ணாச்சி:
இசட்44 வாங்கும்போதும் கவனம், மறு அச்சடித்தது நிறைய. கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்து, டிரெயின் வழியாக 5 ஆம்பியர் விட்டு, டிரெயின்–சோர்ஸ் இடையே அளக்கவும். 90 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 150, 200 காட்டினால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எட்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். கேட் இரண்டு பக்கமும் 5 வோல்ட் வந்த பிறகு பக்கத்துக்கு ஒன்று மட்டும் போட்டு, ஹீட்சிங்கில் கிளாம்ப் செய்து, பல்பு சீரியலில் ரிமோட் கொடுங்கள். பல்பு ஒரு மின்னு மின்னி மங்கினால் நல்லது, முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் நிறுத்துங்கள். செகண்டரியில் பிளஸ், மைனஸ் ரெயில் (சப்ளை வோல்டேஜ்) சமமாக வந்தால் மீதி ஆறு.

கடைசியில் ஸ்பீக்கர் முனையில் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கிறதா பார்த்த பிறகே ஸ்பீக்கர். ஆமாம், இதற்கு முன் பிரிட்ஜில் (இரண்டு சேனலை ஒன்றாகச் சேர்த்து) என்ன மாட்டியிருந்தீர்கள்? 4 ஓம் இரண்டு பேரலல் என்றால் ஒவ்வொரு சேனலும் பார்ப்பது 1 ஓம். பவர் வயரையும் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியம், அதே தடிமன் செம்பைவிட வோல்டேஜ் டிராப் கணிசமாக அதிகம். பிரிட்ஜில் எந்த ஸ்பீக்கர், என்ன கேஜ் வயர், இரண்டையும் எழுதுங்கள்.