ஜகார்த்தா சான்று: அனுபவம் உள்ளவர்கள் கைகொடுங்கள்

வணக்கம். நாங்கள் நான்கு பேர், வார இறுதிகளில் சிங்கப்பூர் பிடோக் நூலகத்தில் உட்கார்ந்து ஒரு திறந்த மூல ஜாவா சர்வரை எழுதி வருகிறோம். அதற்கு ஜகார்த்தா சான்று வாங்கப் பார்க்கிறோம்; ஜகார்த்தா என்பது ஊர் அல்ல, ஜாவா சர்வர்களுக்கான பொதுத் தரநிலை. ஒரு மென்பொருள் ஜாவா தரநிலைப்படி நடக்கிறதா என்று பார்க்கும் சோதனைத் தொகுப்பின் உரிம நிபந்தனைகளை எதிர்த்து 2007-இல் அப்பாச்சி அமைப்பின் பகிரங்கக் கடிதம் வெளியானதும், அவர்களின் திறந்த மூல ஜாவாவான அப்பாச்சி ஹார்மனி சான்றே கிடைக்காமல் 2011-இல் ஓய்ந்ததும் எனக்கு இன்றும் வருத்தம்தான். இப்போது ஜகார்த்தாவின் சோதனைத் தொகுப்பே திறந்த மூலம். ஆனால் அதில் ஒரு சோதனை தோற்றாலும் சான்று இல்லை.

எங்களுக்குச் சர்வ்லெட் பகுதியில் (வலைக் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் பகுதி) ஒரே ஒரு சோதனை தோற்கிறது. குக்கீயின் காலாவதித் தேதி பற்றியது. விவரக்குறிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தோம். பிழை சோதனையில்தான் என்று படுகிறது. அதை எதிர்த்து முறையீடு பதிந்த அனுபவம் யாருக்காவது இருக்கிறதா? பதிவுக் கோப்பை அனுப்புகிறேன், ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம், இரவு முழுக்கச் சோதனை ஓட்ட ஒரு பழைய கணினி இருந்தாலும் பெரிய உதவி. நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.