வெளிநாட்டில் இருந்துகொண்டு வயதான பெற்றோரைக் கவனிப்பது எப்படி?

கேள்வி:
தந்தைக்கு வயது 78, தாய்க்கு 74. நானும் தங்கையும் வெவ்வேறு நாடுகளில் குடியேறிவிட்டோம். எப்போது அழைத்தாலும் "நன்றாக இருக்கிறோம்" என்றே சொல்கிறார்கள். ஆனால் தந்தை இரவில் குளியலறைக்குச் செல்லும்போது விழுந்ததை உறவினர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தோம். எங்களுடன் வந்து இருக்கவும் மறுக்கிறார்கள். பணம் அனுப்புவதைத் தவிர உருப்படியாக என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
மறைத்ததற்காகக் கடிந்துகொள்ளாதீர்கள், அடுத்த முறை உறவினரிடமும் சொல்ல மாட்டார்கள். இரவில் விழுந்தார் என்பதால் முதலில் மாத்திரைகளைக் கவனியுங்கள். இரத்த அழுத்த மாத்திரையோ தூக்க மாத்திரையோ உட்கொள்ளும் முதியவர்களுக்குப் படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது அழுத்தம் இறங்கித் தலைசுற்றுவது உண்டு. பல மருத்துவர்களிடம் காட்டுகிறவர்கள் வீட்டில், ஒரே மருந்து இரண்டு வணிகப் பெயர்களில் இருந்து, இரண்டையும் விழுங்கிக்கொண்டிருப்பதும் நடக்கிறது. காணொளி அழைப்பில் மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பெயரையும் அளவையும் எழுதிக்கொண்டு, அந்தப் பட்டியலை ஒரே மருத்துவர் முழுமையாகப் பார்க்குமாறு செய்யுங்கள். தாமாக எதையும் நிறுத்த வேண்டாம். கைப்பிடியும் இரவு விளக்கும் எப்படியும் தேவை.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு ஒன்று: ஓரிரு நாளுக்குள் பேச்சு குழம்பினால் அதை முதுமை மறதி என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு போன்ற, சிகிச்சையால் சரியாகக்கூடிய காரணங்கள் இருக்கலாம். மறதிநோய் பெரும்பாலும் மெல்ல மெல்லத்தான் வரும்.

அடுத்தது அதிகாரப் பத்திரம், அதாவது தம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் ஆவணம். பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே அவர்களை எழுதச் சொல்லுங்கள். பல நாடுகளில் சாதாரண அதிகாரப் பத்திரம், எழுதியவர் முடிவெடுக்கும் திறனை இழந்ததும் செல்லாததாகிவிடும். அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில் கைகொடுக்காது. திறன் இழந்த பின்னும் நீடிக்கும் வகைப் பத்திரம் பெற்றோர் இருக்கும் நாட்டில் உண்டா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
பத்திரம் என்று பேச்செடுத்தாலே, சொத்துக்காகக் கேட்கிறோம் என்று தந்தை கோபப்படுகிறார்.

மறுமொழி 3:
சொத்திலிருந்து தொடங்கினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மருத்துவமனையில் தமக்காக யார் பேச வேண்டும், எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை அவரே சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று, தகவல் சொன்ன அந்த உறவினரை ஊதியமில்லாத காவலராக்கிவிடாதீர்கள். வாரம் ஒரு முறை நேரில் சென்று பார்க்க ஊதியத்துக்கு ஒருவரை அமர்த்தி, அவசரத்துக்கு மட்டும் உறவினரை அழையுங்கள். உறவினரிடம் மாற்றுச் சாவியும் மருந்துப் பட்டியலின் நகலும் இருக்கட்டும்.