‘டக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது, ஸ்டார்ட்டர் சுற்றவில்லை: புது சொலினாய்டும் போய்விட்டதா?

தங்கச்சிமடம் டிரைவர்:

வணக்கம். ஒரு சம்மாட்டியின் (படகு முதலாளியின்) விசைப்படகில் டிரைவராக இருக்கிறேன். 12 வோல்ட் பேட்டரி, டீசல் எஞ்சின். மீன்பிடித் தடைக்காலத்தில் எஞ்சினை இறக்கி, ரிங் மாற்றி, பச்சை பெயின்ட் அடித்து ஏற்றினோம். ஜூன் 14 முடிந்து கடலுக்குப் போன இரண்டாம் வாரமே தொல்லை ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் சொலினாய்டில் (எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் விடும் மின்காந்த சுவிட்சில்) ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். ஐந்தாறு முறை திருப்பினால் ஒரு முறை முக்கி முனகிச் சுற்றும். முதலில் ஸ்பேனரால் சொலினாய்டைத் தட்டினால் பிடித்துக்கொள்ளும். அதனால் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். ஒன்பது நாள் நன்றாக ஓடியது. இப்போது மறுபடியும் அதே ‘டக்’. புதியதைத் தட்டினாலும் பலனில்லை.

வலை வாங்கும்போதுகூட (கடலிலிருந்து இழுத்து ஏற்றும்போதுகூட) எஞ்சினை அணைக்க மனம் வருவதில்லை. கச்சான் (மேற்குக் காற்று) அடிக்கிற நேரம். எஞ்சின் மறுபடி பிடிக்காவிட்டால் காற்றும் நீரோட்டமும் சேர்ந்து நேராகக் கச்சத்தீவுப் பக்கம் தள்ளிவிடும். டீசல் வீணாகிறது என்று சம்மாட்டி கத்துகிறார். அடுத்த சொலினாய்டு வாங்குவதா, ஸ்டார்ட்டரையே மாற்றுவதா?

பாம்பன் வள்ளக்காரர்:

சொலினாய்டின் பெரிய போல்ட் இரண்டையும் ஒரு திருப்புளியால் இணைத்துப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றிவிட்டால் சொலினாய்டுதான் குற்றவாளி. நாங்கள் அப்படித்தான் பார்ப்போம்.

மண்டபம், ஓய்வுபெற்ற விமான மெக்கானிக்:

திருப்புளி வேலையை விட்டுவிடுங்கள். பேட்டரி பக்கத்திலேயே இருக்கிறது, சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் கிளம்பும். எஞ்சின் அறையில் டீசல் ஆவி வேறு. அந்தப் பொறி முகத்துக்கு நேராகத் தெறிக்கும். இன்னொன்று, இந்த வகை ஸ்டார்ட்டரில் சொலினாய்டுக்கு இரண்டு வேலை. பினியன் என்ற சிறு பல்சக்கரத்தைத் தள்ளி எஞ்சினின் ஃப்ளைவீல் பல்லில் கோக்க வேண்டும், பிறகு மோட்டாருக்கு மின்சாரம் விட வேண்டும். பெரிய போல்ட் இரண்டையும் இணைத்தால் பினியன் நகராது, மோட்டார் வெறுமனே சுற்றும். பாரமில்லாமல் சுற்றுவதைப் பார்த்துவிட்டு ‘மோட்டார் நன்றாக இருக்கிறது’ என்று சொல்ல முடியாது.

தம்பி, உங்கள் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. பழையதைத் தட்டினால் பிடித்தது. அப்படியானால் அதன் உள்ளே பெரிய போல்ட் இரண்டையும் இணைக்கும் செம்புத் தட்டு கருகியிருக்கும், அது உண்மைதான். புதியதைத் தட்டினால் பிடிக்கவில்லை. எனவே இப்போது கோளாறு அதற்குள் இருக்க வாய்ப்பு குறைவு. சத்தம் போடுகிறவன்தான் திருடன் என்று எல்லாரும் சொலினாய்டைப் பிடிக்கிறார்கள்.

ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். எஞ்சின் பிடித்துவிடாமல் ஸ்டாப் லீவரை ஒருவர் இழுத்துப் பிடிக்கட்டும். இன்னொருவர் சாவியைத் திருப்பி மூன்று விநாடி வைத்திருக்கட்டும். அந்த மூன்று விநாடிக்குள் அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லா இடமும் நன்றாகத்தான் காட்டும். முதலில் பேட்டரியின் இரண்டு ஈய முனைகளில் பாருங்கள். பிறகு பிளஸ் முனைக்கும் சொலினாய்டின் பேட்டரி போல்ட்டுக்கும் இடையில், அடுத்து சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு இடையில். கடைசியாக மைனஸ் முனைக்கும் ஸ்டார்ட்டரின் உடம்புக்கும் இடையில். இந்தக் கடைசி அளவை யாரும் எடுப்பதில்லை. பின்னால் சொன்ன மூன்று இடங்களில், ஓர் இணைப்பில் 0.2 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால், அதாவது அவ்வளவு வோல்ட் வழியிலேயே வீணானால், அங்கே நின்றுவிடுங்கள். மீட்டர் கம்பியின் கூர்முனையைக் கேபிளின் லக்கில் (கேபிள் நுனியிலுள்ள உலோகப் பிடியில்) வைக்காமல் ஈய முனையிலேயே குத்துங்கள், இல்லையென்றால் லக்குக்கு அடியில் இருக்கும் கோளாறு தப்பிவிடும்.

எஞ்சினுக்குப் பெயின்ட் அடித்தபோது எர்த் கேபிளை, அதாவது பேட்டரியின் மைனஸை எஞ்சின் இரும்போடு இணைக்கும் கேபிளை, கழற்றினீர்களா?

பாம்பன் வள்ளக்காரர்:

விமானத்திலும் இதே சொலினாய்டுதானா ஐயா?

மண்டபம், ஓய்வுபெற்ற விமான மெக்கானிக்:

தத்துவம் ஒன்றுதான், அமைப்பு வேறு. நான் பார்த்த செஸ்னா 152 பயிற்சி விமானங்களில் சொலினாய்டு ஸ்டார்ட்டர் மேல் இருக்காது. எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் நடுவிலுள்ள தீத்தடுப்புச் சுவரில் தனியாக இருக்கும். மோட்டாருக்கு மின்சாரம் விடுவது மட்டுமே அதன் வேலை. பேட்டரிக்கான மாஸ்டர் சொலினாய்டும் பார்வைக்கு அச்சாக அதே போல இருக்கும். ஆனால் மாஸ்டரின் சுருள் மணிக்கணக்கில் மின்சாரம் தாங்கும், ஸ்டார்ட்டருடையது சில விநாடிகளுக்கு மட்டும். ஒரு பயிற்சிப் பள்ளியில் யாரோ மாற்றி மாட்டி, விமானம் தரையில் நிற்கும்போதே சுருள் வெந்து நாறியது. வானத்தில் நடந்திருந்தால் என்ன ஆகும் என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விமானத்தில் சொலினாய்டைத் திறந்து செப்பனிடும் பழக்கமே இல்லை. அங்கீகரிக்கப்பட்ட புதியதை மாட்டி, ஏட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். படகில் அந்தக் கட்டாயம் இல்லை, அதனால்தான் நான் இங்கே நிம்மதியாக இருக்கிறேன்.

தங்கச்சிமடம் டிரைவர்:

ஐயா, நேற்று படகு கரையில் நின்றது, அளந்துவிட்டேன். ‘டக்’ என்று அடித்து நின்ற நேரத்து அளவுகள்: பேட்டரி 11.6 வோல்ட். பிளஸ் கேபிளில் 0.2. சொலினாய்டு போல்ட்டுகளுக்கு இடையில் 0.1. மைனஸ் பக்கம் 5.2! மோட்டாருக்கு மிச்சம் 6.1 வோல்ட்தான் போயிருக்கிறது.

எர்த் லக்கைக் கழற்றினேன். அடியில் பச்சை பெயின்ட் வட்டமாக அப்படியே இருந்தது. போல்ட்டின் மரை மட்டுமே இரும்பைத் தொட்டிருக்கிறது, அதிலும் உப்பு பூத்து வெள்ளையாக இருந்தது. சொலினாய்டு மாற்றிய அன்று இந்தக் கேபிளையும் ஆட்டி முறுக்கினேன், அதனால்தான் ஒன்பது நாள் ஓடியது போலிருக்கிறது. இரும்பு தெரியும்வரை சுரண்டி, முறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். இப்போது 0.15. தொட்டால் பிடிக்கிறது.

மண்டபம், ஓய்வுபெற்ற விமான மெக்கானிக்:

பழைய சொலினாய்டை எறிந்துவிடாதீர்கள். வோல்ட் குறைந்த நேரத்தில் அது பிடித்தும் விட்டும் துடித்ததால்தான் தட்டு கருகியிருக்கும். பின் மூடியின் திருகுகளைக் கழற்றி, சால்டர் வைத்த முனைகளைச் சூடாக்கி விடுவித்தால் மூடி வந்துவிடும். தட்டைத் திருப்பிப் போட்டு, உள்ளே இருக்கும் பெரிய போல்ட் தலைகளையும் அரைச் சுற்று திருப்பினால் தேயாத பக்கம் கிடைக்கும். கடலில் கைக்கு உதவும்.

தங்கச்சிமடம் டிரைவர்:

திறந்தேன் ஐயா. தட்டில் ஒரு ஓரம் கரும்பைக் கடித்தது போல இருந்தது, மறுபக்கம் புதுக்காசு மாதிரி மின்னுகிறது. திருப்பிப் போட்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துவிட்டேன். சனிக்கிழமை வலை வாங்கும்போது எஞ்சினை அணைத்தேன். முதல் திருப்பிலேயே பிடித்தது. சம்மாட்டிக்குச் சந்தோஷம். எஞ்சினுக்குப் பெயின்ட் அடித்தது நான்தான் என்பதை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.