ஸ்கை க்ளோ: 'வான் ஒளிர்வு' வேண்டாமே, 'ஊர்வெளுப்பு' எப்படி?

ஐயா, வணக்கம்.

ஊர் விளக்குகளின் வெளிச்சத்தால் இரவு வானம் வெளிறித் தெரிவதை ஆங்கிலத்தில் 'ஸ்கை க்ளோ' என்பார்கள். அதற்குத் தமிழில் நீங்கள் முன்வைத்த 'வான் ஒளிர்வு' இலக்கணப்படி சரிதான். ஆனால் அது காதுக்கு இனிமையாக இருக்கிறதே, அதுதான் எனக்கு இடிக்கிறது. நாம் பெயர் வைக்கப்போவது விண்மீன்களை விழுங்குகிற ஒன்றுக்கு. இன்னொரு சிக்கலும் உண்டு. சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் தாமாகவே மங்கலான பச்சை ஒளி விடுகின்றன. ஷட்டரைப் பல நொடிகள் திறந்து வைக்கும் நீண்ட எக்ஸ்போஷரில் கேமராவில்கூட அது விழும். 'ஏர் க்ளோ' என்பார்கள். உண்மையில் ஒளிர்வது அதுதான். 'வான் ஒளிர்வு' அதற்கே இருக்கட்டும். நம் ஆளோ கீழே எரியும் ஹைமாஸ்ட், போகஸ் லைட் வெளிச்சம் மேலே போய், காற்றிலும் தூசியிலும் பட்டுச் சிதறித் திரும்பி வருவது.

நான் கொண்டுவரும் சொல் 'ஊர்வெளுப்பு'. உட்கார்ந்து யோசித்துச் செய்ததில்லை, காதில் விழுந்தது.

போன சித்திரை அமாவாசையை ஒட்டி, மேலூர் பக்கம் உறவுக்காரர் வீட்டு மாடியில் கேமராவோடு இருந்தேன். விடியற்காலை நான்கு மணிக்குப் பால்வீதியின் நடுப்பகுதி நேர் தெற்கே உச்சத்தில் நிற்கும் காலம் அது. மதுரை அட்சரேகைக்கு அந்த இடம் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 50 பாகை மேலே வந்துவிடும். இரவு வானத்தின் இருட்டைக் காக்கும் இடங்களில், முதல் சர்வதேச இருள்வானப் பூங்கா என்று 2007-இல் அறிவிக்கப்பட்ட அமெரிக்காவின் நேச்சுரல் பிரிட்ஜஸில்கூட 25 பாகையைத் தாண்டாது. இடம் நமக்குத்தான் வாய்ப்பு, வெளிச்சம்தான் கெடுக்கிறது. இருபது நொடி எக்ஸ்போஷர் போட்டால் படத்தின் வலது ஓரம் முழுக்க ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கலங்கி வந்தது. கீழே மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்த அப்பத்தா நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லா ஊருக்கும் கிழக்க வெளுக்கும். இங்கிட்டு மருதப் பக்கம் மேக்க வெளுக்குது பாரு."

அவ்வளவுதான். கிழக்கு வெளுத்தால் விடியல், ஊர் வெளுத்தால் விளக்கு. காரணமும் பெயரிலேயே வந்துவிடுகிறது. வெளுத்து வாங்குவது என்றால் எங்கள் பக்கம் அடி என்று ஒரு நண்பர் சிரிப்பார், தெரியும். சிரித்தால் சொல் மனதில் நிற்கும், சிரிக்கட்டும்.

ஸ்கை க்ளோவுக்குப் 'பொய்விடியல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல்தான், ஆனால் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார். கோள்கள் சுற்றும் தளத்தில் கிடக்கும் தூசியில் சூரிய ஒளி பட்டு, விடியலுக்கு முன் கிழக்கே கூம்பு போல் ஒரு வெளிச்சம் தெரியுமே, அதைத்தான் ஆங்கிலத்திலும் பொய்விடியல் என்கிறார்கள். ஊர்வெளுப்பு இருக்கும் இடத்தில் அதைப் பார்க்கவே முடியாது. ஒன்றை அழிப்பதற்கு அதன் பெயரையே கொடுப்பதா?

'ஒளி மாசு' போதாதா என்ற கேள்விக்கு: அது குடும்பப் பெயர். ஊர்வெளுப்பு, கண்கூச்சம், பக்கத்து வீட்டு விளக்கு நம் படுக்கையறைக்குள் வருவது எல்லாம் அதன் பிள்ளைகள். தனித்தனியாகக் கூப்பிட வேண்டும். பழைய சோடியம் மஞ்சள் விளக்கைக் கழற்றி வெள்ளை எல்.இ.டி. மாட்டும்போது நீல ஒளி கூடுகிறது. நீலம்தான் காற்றில் அதிகம் சிதறும், அதனால் ஊர்வெளுப்பு கூடும். இந்த வாக்கியத்தில் 'ஒளி மாசு கூடும்' என்று எழுதினால் பாதி அர்த்தம் போய்விடுகிறது.

மேலே சொன்ன 'டார்க் ஸ்கை பார்க்' வகைப் பூங்காவுக்குத் தமிழில் என்ன பெயர் என்பதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. 'இருள்' என்றால் அமங்கலம், 'விண்மீன் பூங்கா' என்று வைக்கலாம் என்கிறார்கள். அங்கே பாதுகாக்கப்படுவது விண்மீனா? அது பாட்டுக்கு இருக்கும். காக்க வேண்டியது இருட்டைத்தான். மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகத்துக்கு 2024-இல் இருள்வானப் பூங்கா என்ற தகுதி கிடைத்தது, இந்தியாவில் அதுதான் முதல். நம் பக்கம் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் 2022-இல் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்கு சரணாலயம் இருக்கிறது. தேவாங்கு இரவில்தான் பூச்சி தேடும். அதனிடம் போய் இருள் அமங்கலம் என்று சொல்ல முடியுமா? 'இருள்வானப் பூங்கா' என்றே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. மேலே ஒரு துளி வெளிச்சமும் போகாமல் தரையை மட்டும் பார்க்கும் விளக்குக்கு நான் 'கவிழ்விளக்கு' என்று எழுதி வைத்திருந்தேன். கோரிப்பாளையத்தில் ஒரு எலெக்ட்ரீஷியனிடம் படம் வரைந்து காட்டினேன். "தொப்பி லைட்டு கேக்குறீங்களா சார்?" என்றார். என் சொல்லை அடித்துவிட்டேன். 'தொப்பிவிளக்கு' பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் ஐயா.