அம்மாவுக்கு மறதி ஆரம்பம்: சிங்கப்பூரில் எல்பிஏ செய்ய இன்னும் நேரம் இருக்கிறதா?

ஈசூன் மகள்:
வணக்கம். அம்மாவுக்கு 76 வயது, அப்பா காலமாகிவிட்டார். போன மாதம் மருத்துவமனையில் முதுமை மறதி, ஆரம்பக் கட்டம் என்றார்கள். வங்கிப் புத்தகத்தைக் காணோம் என்று இரண்டு நாள் தேடினோம். கடைசியில் அரிசி வாளிக்குள், நகைக்கடைப் பையில் சுற்றி வைத்திருந்தார். அதைவிடப் பயம், சென்ற வாரம் வங்கி அதிகாரி என்று ஒருவன் போனில் பேச, அம்மா கார்டு எண்ணை வாசித்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் போனை வாங்கினேன்.

வங்கியில் போய்க் கேட்டால், மகளானாலும் கணக்கைத் தொட முடியாது, எல்பிஏ (பின்னால் திறன் போனால் தனக்காக முடிவெடுக்க இன்னொருவருக்கு முன்கூட்டியே அதிகாரம் தரும் பத்திரம்) இருக்கிறதா என்கிறார்கள். ஜாயின்ட் கணக்காக்கிவிடு, வேலை முடிந்தது என்கிறார் அண்ணன். நோய் உறுதியான பிறகு எல்பிஏ போட முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், தூக்கமே வரவில்லை.

பழைய சட்ட எழுத்தர்:
மனதைத் தளரவிடாதீர்கள். நோயின் பெயரை எழுதிவிட்டதால் மட்டும் ஒருவருக்குத் தீர்மானிக்கும் திறன் போய்விட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளாது. திறன் இருப்பதாகத்தான் முதலில் கொள்ள வேண்டும். இந்தப் பத்திரம் என்ன, யாருக்கு என்ன அதிகாரம் தருகிறோம் என்று கையெழுத்திடும் நேரத்தில் அம்மாவுக்குப் புரிந்தால் போதும். ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

பொதுக் காப்பாளர் அலுவலகத்தின் இணையத்தளத்தில் அம்மாவின் சிங்பாஸ் (அரசுச் சேவைகளுக்கான இணைய அடையாளக் கணக்கு) வழியாகப் படிவம் 1-ஐ நிரப்புங்கள். அதிகாரம் பெறப்போகிறவர்கள் நீங்களும் அண்ணனும் என்றால், இருவரும் அவரவர் சிங்பாஸில் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் சான்றளிப்பவரிடம் போக வேண்டும். அதற்கென அனுமதி பெற்ற மருத்துவர், மனநல மருத்துவர், வழக்கறிஞர் இவர்களில் ஒருவர். தமிழ் பேசும் மருத்துவரைத் தேடிப் போங்கள். ஆங்கிலத்தில் கேட்டுத் தடுமாறினால் அது மறதியா மொழியா என்று யாருக்குத் தெரியும்? காலையில், அம்மா தெளிவாக இருக்கும் நேரத்தில் அழைத்துப் போங்கள்.

உட்லண்ட்ஸ் தம்பி:
அக்கா, நாங்கள் தாமதித்துவிட்டோம், அதனால் சொல்கிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சே நின்றுவிட்டது. எல்பிஏ இல்லை. குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டு, மருத்துவ அறிக்கை கொடுத்து, என்னைப் பிரதிநிதியாக நியமிக்கப் பல மாதம் ஆனது. அதுவரை அப்பாவின் மருத்துவச் செலவுக்கு அவர் பணத்தையே எடுக்க முடியவில்லை. இப்போதும் வரவு செலவுக்கு ரசீது வைத்துக் கணக்குக் காட்டுகிறேன்.

ஜாயின்ட் கணக்கு வேண்டாம். தனியாகக் கையெழுத்திடும் கணக்கென்றால் பெயர் உள்ளவர் யாரும் எடுக்கலாம். வங்கி தடுக்காது. அம்மாவுக்குப் பிறகு மிச்சம் யாருடையது என்று உடன்பிறப்புகள் நீதிமன்றம் வரை போன கதைகள் உண்டு.

இன்னொன்று: எல்பிஏ பதிவானதும் பணம் உங்கள் கைக்கு வராது. அம்மா திறனை இழந்த பிறகுதான் நீங்கள் அவருக்காகச் செயல்பட முடியும். வங்கி மருத்துவ அறிக்கை கேட்கும். இடைப்பட்ட காலத்துக்கு, இணையம் வழியே வெளியே போகாதபடி சேமிப்பைப் பூட்டி வைக்கும் வசதி வங்கிகளில் இருக்கிறது. அம்மாவைக் கூட்டிப்போய் அதைச் செய்துவிடுங்கள். மோசடி அழைப்பு என்று சந்தேகம் வந்தால் 1799.

பழைய சட்ட எழுத்தர்:
ஒன்றை விட்டுவிட்டேன். சிபிஎஃப் (மத்திய சேமநிதி) பணம் உயிலுக்குள் வராது. அது யாருக்குப் போக வேண்டும் என்று எழுதும் நியமனம் தனி. அம்மா முன்பு அப்பா பெயரை மட்டும் போட்டிருந்தால் மாற்ற வேண்டும். எல்பிஏ கையில் இருந்தாலும் அம்மாவுக்காக நீங்கள் நியமனமோ உயிலோ எழுத முடியாது. அவர் மட்டுமே செய்யக்கூடியவை இவை.

ஈசூன் மகள்:
நேற்று இரவு அம்மாவுடன் உட்கார்ந்து படிவத்தைப் பார்த்தேன். “அண்ணன் நல்லவன்தான், ஆனா கையில காசு நிக்காது. ரெண்டு பேரும் சேந்தே கையெழுத்துப் போடுங்க” என்றார். ஒரு குழப்பமும் இல்லாமல். அப்படிப் போடலாமா?

பழைய சட்ட எழுத்தர்:
போடலாம். ஆனால் சேர்ந்தே என்று போட்டால், ஒருவருக்கு ஏதாவது ஆகும்போது மற்றவரும் தனியாகச் செயல்பட முடியாமல் போகும். அதனால் மாற்று ஆள் ஒருவரையும் எழுதுங்கள். படிவத்தில் இடம் இருக்கிறது. அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், பத்திரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் மனம் நோகும்.

ஈசூன் மகள்:
அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் அன்றே ஒப்புக்கொண்டுவிட்டார். மாற்று ஆளாகச் சித்தி மகளைப் போட்டோம். இன்று காலை தமிழ் டாக்டரிடம் போனோம். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அம்மாவிடம் தனியாகப் பேசினார். டாக்ஸியில் அம்மா சொன்னார்: “வீடு என்ன விலை போகும்னு கேட்டாரு. பக்கத்து வீட்டுக்காரி வித்த விலையைச் சொன்னேன். யாராவது வற்புறுத்துனாங்களான்னும் கேட்டாரு, இல்லன்னுட்டேன்.” கையெழுத்தாகிவிட்டது. சிபிஎஃப் நியமனத்தைத் திங்கட்கிழமை பார்க்கிறோம். இருவருக்கும் மிக்க நன்றி.