புதுப்பிப்பு: டெஸ்டிங் மேசை முன் ஒயர் செட் குவிவது நின்றது

சுங்கை சிப்புட்டில் நாங்கள் நடத்தும் சிறிய ஒயரிங் பட்டறையில், டெஸ்டிங் மேசைக்கு முன்னால் எப்போதும் மலைபோல் சரக்கு குவிகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இரண்டாவது டெஸ்டர் வாங்கத் தேவைப்படவில்லை. வேலை செய்தது, முதலில் டாக்ட் டைம் (ஆர்டரை முடிக்க எத்தனை நேரத்துக்கு ஒரு செட் வெளியே வர வேண்டும் என்பது) கணக்குப் போடச் சொன்னவரின் யோசனைதான். ஒரு ஷிப்டில் கையில் உள்ள நேரம் 450 நிமிடம், ஆர்டர் 300 செட். அப்படியென்றால் 90 வினாடிக்கு ஒரு செட் வெளியே வர வேண்டும். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால், டெஸ்டிங் அக்காவுக்கு ஒரு செட்டுக்கு 105 வினாடி. அதில் 25 வினாடி பெட்டியில் போட்டு லேபிள் ஒட்டவே போகிறது! ஒயர் வெட்டும் தம்பிக்கோ 50 வினாடிதான்.

அப்புறம் மேசைகளை ‘ப’ வடிவத்தில் போட்டோம். தொடக்கமும் முடிவும் பக்கத்துப் பக்கத்தில் வந்ததால், பேக்கிங்கைத் தம்பியே பார்த்துக்கொள்கிறார். இப்போது தம்பிக்கு 75 வினாடி, அக்காவுக்கு 80. இரண்டு மேசைக்கு நடுவில் மூன்று செட்டுக்கு மேல் வைக்கக் கூடாது என்றும் கட்டுப்பாடு.

எதிர்பாராதது ஒன்று: கிரிம்பிங் மெஷின் (ஒயர் முனையில் டெர்மினலை அழுத்திப் பொருத்துவது) நின்றால் இப்போது எல்லோருமே நிற்க வேண்டியிருக்கிறது. முன்பு குவியல் அதை மறைத்திருந்தது. அதனால் அந்த மெஷினின் டையை (அழுத்தும் அச்சை) மாற்றும் வேலையை ஷிப்ட் தொடங்குமுன்பே முடித்துவிடுகிறோம். இப்போது நின்றுகொண்டு வேலை செய்வதில் கால்வலி என்றும் சொன்னார்கள். தரையில் ரப்பர் பாய் போட்டிருக்கிறோம், ஓரளவுக்குப் பரவாயில்லை.